ஸ்டீம் ட்ராப்: உள்ளே என்ன நடக்கிறது, எதை எங்கே போடுவது, பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது

ஸ்டீம் ட்ராப் என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே வரியில் பதில் வரும்: தண்ணீரை விடும், ஸ்டீமை விடாது. சரிதான். ஆனால் அது எப்படி இரண்டையும் பிரித்து அறிகிறது? கையடக்கமான ஒரு இரும்புப் பெட்டி, அதற்குக் கரண்டும் கிடையாது, ஆளும் கிடையாது. இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் எந்த ட்ராப்பை எங்கே போடுவது, ஏன் கெட்டுப்போகிறது, கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது எல்லாமே தானாகப் புரிந்துவிடும். விடை தெரியாமல் கேட்டலாக்கைப் பார்த்து வாங்கினால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது

7 பார் கேஜ் அழுத்தத்தில் இருக்கும் ஸ்டீமை எடுத்துக்கொள்வோம். அதன் வெப்பநிலை சுமார் 170 டிகிரி செல்சியஸ். ஒரு கிலோ ஸ்டீம் தண்ணீராக மாறும்போது ஏறக்குறைய 2,050 கிலோஜூல் வெப்பத்தைக் கொடுக்கிறது. நாம் பாய்லர் வைத்து எரிபொருள் எரிப்பதே இந்த வெப்பத்துக்காகத்தான். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: இவ்வளவு வெப்பத்தைக் கொடுத்த பிறகும் அந்தத் தண்ணீர் 170 டிகிரியிலேயே இருக்கிறது. அதாவது கண்டன்சேட் (ஸ்டீம் வெப்பத்தை விட்டு மாறிய அந்தத் தண்ணீர்) உருவான அந்த நொடியில் ஸ்டீமுக்கும் அதற்கும் வெப்பநிலையில் வித்தியாசமே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அளவில் மட்டும் பெரிய வித்தியாசம் உண்டு. அதே அழுத்தத்தில் ஒரு கிலோ ஸ்டீம் 240 லிட்டர் இடத்தை அடைக்கும், தண்ணீரானதும் ஒரு லிட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இந்தத் தண்ணீரை உடனே வெளியேற்றாவிட்டால் என்ன ஆகும்? சூடேற்றும் பரப்பின் மேல் படலமாகப் படியும். சாதாரண எஃகோடு ஒப்பிட்டால் தண்ணீர் 70 மடங்குக்கு மேல் மோசமான வெப்பக் கடத்தி, எனவே ஸ்டீம் எவ்வளவு வந்தாலும் பொருள் சூடேறாது. காற்று அதைவிட மோசம். ஷட்டவுனுக்குப் பிறகு லைன் முழுக்கக் காற்றுதான் இருக்கும், அது வெளியேற வழி இல்லை என்றால் ஸ்டீமோடு கலந்து நிற்கும். பிரஷர் கேஜ் 3 பார் காட்டும், ஆனால் உள்ளே கால்வாசி காற்று என்றால் 144 டிகிரிக்குப் பதில் 133 டிகிரிதான் கிடைக்கும். கேஜை நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

மூன்றாவதுதான் ஆபத்தானது: வாட்டர் ஹேமர். மெயின் லைனில் ஸ்டீம் நொடிக்கு 25, 30 மீட்டர் வேகத்தில் ஓடும், அது மணிக்கு நூறு கிலோமீட்டர் அளவுக்கு வரும். அடியில் தேங்கிய தண்ணீரை அந்த ஸ்டீம் அலையாக எழுப்பி, குழாயை அடைக்கும் கட்டியாக்கி, அதே வேகத்தில் தள்ளிக்கொண்டு போய் ஒரு எல்போவிலோ வால்விலோ மோதவைக்கும். வால்வு பாடியே விரிசல் விட்டுப் பக்கத்தில் நிற்பவரைக் காயப்படுத்திய, உயிரையே எடுத்த விபத்துகள் உண்டு. எனவே ட்ராப் எரிபொருள் சேமிப்புக்கு மட்டுமான சமாச்சாரம் அல்ல.

ட்ராப் ஒரு பம்ப் அல்ல

ட்ராப் தண்ணீரை இழுக்காது, தள்ளவும் தள்ளாது. அது தானாகத் திறந்து மூடும் ஒரு வால்வு மட்டுமே. தண்ணீரை வெளியே தள்ளுவது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். ட்ராப்புக்குப் பிறகு கண்டன்சேட் லைன் மேலே ஏறினால் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 0.1 பார் எதிர்ப்பு சேரும், 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் போய்விடும். அப்புறம் ரிட்டர்ன் லைனில், அதாவது கண்டன்சேட் திரும்பிப் போகும் குழாயில், ஏற்கெனவே இருக்கும் எதிரழுத்தம், பேக் பிரஷர். இதையெல்லாம் கழித்து மிச்சம் இருப்பதுதான் உங்கள் ட்ராப்புக்குக் கிடைக்கும் பலம். அது பூஜ்யமானால் உலகத்திலேயே நல்ல ட்ராப்பைப் போட்டாலும் ஒரு சொட்டு வெளியேறாது.

மூன்று வித்தியாசங்கள், மூன்று குடும்பங்கள்

ஸ்டீமையும் தண்ணீரையும் பிரித்தறிய மூன்று வழிகள் இருக்கின்றன: எடை, வெப்பநிலை, வேகம். சந்தையில் கிடைக்கும் ட்ராப்புகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன.

எடையை வைத்து வேலை செய்வதில் முதலாவது பால் ஃப்ளோட் ட்ராப். உள்ளே ஒரு வெற்றுக் கோளம், அதோடு லீவர், லீவர் முனையில் வால்வு. தண்ணீர் வந்தால் கோளம் மிதக்கும், வால்வு திறக்கும். வரத்து கூடினால் கூடுதலாகத் திறக்கும், குறைந்தால் குறையும். வால்வு எப்போதும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழேயே இருப்பதால் ஸ்டீம் அதை எட்டவே முடியாது. தண்ணீர் ஆற வேண்டும் என்று காத்திருக்காது, வந்த உடனே விடும். ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஜாக்கெட் வெசல், ஏர் ஹீட்டர் என்று லோடு ஏறி இறங்கும் இடங்களுக்கு நான் முதலில் யோசிப்பது இதைத்தான். காற்று மட்டும் கோளத்தைத் தூக்காது என்பதால், மேல்பக்கத்தில் தனியாக ஒரு தெர்மோஸ்டாட்டிக் ஏர் வென்ட் வைத்திருப்பார்கள், அது இல்லாத மாடலை இந்த வேலைகளுக்கு வாங்காதீர்கள்.

ஃப்ளோட்டில் பலர் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. வால்வை மூடிப் பிடிப்பது லைன் அழுத்தம், திறப்பது கோளத்தின் மிதப்பு. அழுத்தம் அளவுக்கு மீறினால் கோளத்தால் வால்வைத் திறக்கவே முடியாது. அதனால்தான் ஒரே சைஸ் ட்ராப் 4.5 பார், 10 பார், 14 பார் என்று வெவ்வேறு ரேட்டிங்கில் வருகிறது, ரேட்டிங் கூடக் கூட உள்ளே இருக்கும் ஓட்டை சிறியதாகும். நான் பார்த்த ஒரு இடத்தில் புதிதாக மாற்றிய ட்ராப் வேலையே செய்யவில்லை, கழற்றிப் பார்த்தால் எல்லாம் பளபளவென்று நன்றாக இருந்தது, மறுபடி மாட்டினால் மறுபடி வெசல் நிறைந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் நேம் பிளேட்டைப் படித்தோம்: 4.5 பார் ட்ராப்பை 7 பார் லைனில் மாட்டியிருந்தார்கள். பழையதும் புதியதும் வெளியே பார்க்க ஒரே மாதிரி. அன்றிலிருந்து எந்த ட்ராப்பைத் தொட்டாலும் நேம் பிளேட்டைப் படித்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்கிறேன்.

எடை வகையில் அடுத்தது இன்வெர்ட்டட் பக்கெட். ஒரு வாளியைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீம் உள்ளே வந்தால் வாளி மிதந்து மேலே இருக்கும் வால்வை மூடும். வாளியின் தலையில் ஒரு சின்னத் துளை, அதன் வழியாக ஸ்டீமும் காற்றும் மெல்லக் கசிய, வாளி கனத்துக் கீழே இறங்கி வால்வு திறக்கும். முரட்டு உழைப்பாளி, வாட்டர் ஹேமரைத் தாங்கும். ஆனால் காற்றை மெதுவாகத்தான் விடும், அதோடு அடியில் எப்போதும் தண்ணீர் இருந்தாக வேண்டும். அழுத்தம் திடீரென்று விழுந்தால் அந்தத் தண்ணீர் கொதித்துப் போய்விடும், பிறகு வாளி மிதக்க எதுவும் இல்லாமல் ஸ்டீம் நேராக வெளியே ஓடும். அப்படி நடக்கக்கூடிய இடத்தில் முன்பக்கம் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு (ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போடுவது வழக்கம்.

வெப்பநிலையை வைத்து வேலை செய்யும் ட்ராப்புகளில் ஒன்றில் சிறிய கேப்சூல் இருக்கும், அதற்குள் தண்ணீரைவிடச் சில டிகிரி முன்னதாகவே கொதிக்கும் ஒரு திரவம். ஸ்டீம் சூடு பட்டால் உள்ளே கொதித்து கேப்சூல் விரிந்து வால்வை மூடும், ஆறினால் சுருங்கித் திறக்கும். இன்னொன்றில் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டிய பைமெட்டல் வளைந்து அதே வேலையைச் செய்யும். இப்போது முதலில் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: கண்டன்சேட் பிறக்கும்போது ஸ்டீமின் அதே வெப்பநிலை. அப்படியானால் இந்த ட்ராப்புகள் அது ஆறும்வரை காத்திருந்தே ஆக வேண்டும், அதுவரை தண்ணீர் பின்னால் தேங்கும். ட்ரேசிங் லைன் (வேறொரு குழாயை ஒட்டி ஓடி அதைச் சூடாக வைத்திருக்கும் சின்ன ஸ்டீம் குழாய்) மாதிரி இடங்களில் தேங்கினால் பரவாயில்லை, அந்த மிச்சச் சூடும் பயன்படும். ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் போட்டால் பாதி டியூப் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். காற்றை வெளியேற்றுவதில் இவற்றை மிஞ்ச ஆள் இல்லை, ஏனென்றால் குளிர்ந்திருக்கும்போது முழுசாகத் திறந்தே இருக்கும்.

வேகத்தை வைத்து வேலை செய்வது தெர்மோடைனமிக் ட்ராப், நாம் டிஸ்க் ட்ராப் என்று சொல்வது. உள்ளே அசையும் பொருள் ஒரே ஒரு வட்டத் தகடுதான். ஆரம்பத்தில் வரும் குளிர்ந்த தண்ணீரும் காற்றும் டிஸ்கைத் தூக்கிவிட்டு வெளியேறும். பிறகு ஸ்டீம் சூட்டுக்கு நெருங்கிய கண்டன்சேட் வரும்போது, டிஸ்குக்கு அடியில் அழுத்தம் குறைவதால் அதில் ஒரு பங்கு ஃபிளாஷ் ஸ்டீமாக மாறும், அளவு பெருகும், வேகம் கூடும். வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் இன்னும் விழும், டிஸ்க் கீழ்நோக்கி இழுபடும். அதே நேரம் ஃபிளாஷ் ஸ்டீமில் கொஞ்சம் டிஸ்கின் மேல் அறைக்குள் புகுந்துகொள்ளும். மேலே அது டிஸ்கின் முழுப் பரப்பையும் அழுத்துகிறது, கீழே லைன் அழுத்தம் நடுவில் இருக்கும் சின்ன வட்டத்தை மட்டும்தான் தள்ள முடிகிறது. அதனால் மேல் அழுத்தம் குறைவாக இருந்தாலும் டிஸ்க் டப் என்று உட்கார்ந்துவிடும். மேல் அறையில் இருக்கும் ஸ்டீம் ஆறி அழுத்தம் குறைந்ததும் மறுபடி திறக்கும். இவ்வளவையும் ஒரு தகடு செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

மெயின் லைன் வடிகாலுக்கு டிஸ்க் ட்ராப் நல்ல தேர்வு: சிறியது, உறுதியானது, சூப்பர்ஹீட்டையும் (கொதிநிலையைத் தாண்டிச் சூடேறிய ஸ்டீம்) வாட்டர் ஹேமரையும் தாங்கும். ஆனால் பேக் பிரஷர் முன் அழுத்தத்தில் 80 சதவீதத்தைத் தாண்டினால் மூடாது, மிகக் குறைந்த அழுத்தத்திலும் சரியாக வேலை செய்யாது. ஸ்டார்ட்டப்பில் காற்று வேகமாக வந்தால் அதையே ஸ்டீம் என்று எடுத்துக்கொண்டு மூடிவிடும். மழையில் நனையும் இடத்தில் மேல் அறை சீக்கிரம் ஆறி, தேவையில்லாமல் அடித்துக்கொண்டே இருக்கும், அதற்கு மேல் மூடி ஒன்று கிடைக்கிறது, போட்டுவிடுங்கள்.

சைஸ் எப்படிப் பார்ப்பது

குழாய் 25 மி.மீ., எனவே ட்ராப்பும் 25 மி.மீ. என்று வாங்குவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. குழாய் சைஸ் இணைப்புக்கு மட்டும்தான். பார்க்க வேண்டியது, உங்களுக்குக் கிடைக்கும் அழுத்த வித்தியாசத்தில் அந்த ட்ராப் மணிக்கு எத்தனை கிலோ விடும் என்பதை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 மி.மீ. ஷெட்யூல் 40 குழாய், 50 மீட்டர் நீளம், 7 பார் ஸ்டீம். குழாய் மீட்டருக்குச் சுமார் 16 கிலோ, மொத்தம் 800 கிலோ எஃகு. அதை 30 டிகிரியிலிருந்து 170 டிகிரிக்குக் கொண்டுபோக, எஃகின் வெப்ப ஏற்பு கிலோவுக்கு, டிகிரிக்கு 0.49 கிலோஜூல் என்று வைத்தால், 800 × 0.49 × 140, அதாவது சுமார் 55,000 கிலோஜூல். இதை 2,050 ஆல் வகுத்தால் 27 கிலோ கண்டன்சேட். லைனை 20 நிமிடத்தில் சூடேற்றுகிறீர்கள் என்றால் மணிக்கு 80 கிலோ என்ற வேகம். இதற்கு மேல் ஃபிளாஞ்சும் வால்வும் தனி. அதே லைன் நல்ல இன்சுலேஷனோடு ஓடும்போது மணிக்கு 10 கிலோவுக்குள்தான் வரும். ஆக, மெயின் லைனில் ட்ராப்பைத் திணறவைப்பது ஸ்டார்ட்டப்தான், அதுவும் அழுத்தம் இன்னும் ஏறாத நேரத்தில். அதனால்தான் மெதுவாக லைன் எடுங்கள் என்று ஆபரேட்டர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

ஓடும் லோடுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு திறனுள்ள ட்ராப் என்பது பொதுவான கணக்கு. இன்வெர்ட்டட் பக்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூட வைப்பார்கள். அதற்காக ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்று போகக் கூடாது. பெரிய டிஸ்க் ட்ராப் சீக்கிரம் தேயும், கெட்டால் ஓடும் நஷ்டமும் பெரியது.

மாட்டும்போது

ஸ்டீம் லைன், ஓட்டம் போகும் திசையிலேயே நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் இறங்க வேண்டும். 30 முதல் 50 மீட்டருக்கு ஒரு ட்ரிப் லெக் (மெயின் குழாயின் அடியில் தண்ணீரைப் பிடிக்கும் பாக்கெட்), அது போக லைன் மேலே ஏறும் இடத்தின் அடியில், லைன் முடியும் இடத்தில், பிரஷர் ரெட்யூசிங் வால்வுக்கும் கண்ட்ரோல் வால்வுக்கும் முன்னால், இந்த இடங்களில் கண்டிப்பாக வேண்டும்.

ட்ரிப் லெக்கைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மெயின் குழாயின் அடியில் 15 மி.மீ. துளை போட்டு ட்ராப்பை இணைத்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் தண்ணீர் அந்தச் சின்னத் துளையில் எட்டிக்கூடப் பார்க்காது, மேலாகத் தாண்டிப் போய்விடும். 100 மி.மீ. வரை உள்ள லைனுக்கு அதே விட்டத்தில் பாக்கெட் வேண்டும். அதற்கு மேல் பாதி விட்டமாவது, ஆனால் 100 மி.மீ.க்குக் குறையாமல். ட்ராப்புக்கான குழாயைப் பாக்கெட்டின் அடியிலிருந்து எடுக்காதீர்கள், பக்கவாட்டில் எடுங்கள். அடியில் துருவும் கசடும் படியட்டும், அங்கே ஒரு ப்ளோடவுன் வால்வு வைத்தால் அவ்வப்போது வெளியேற்றிவிடலாம்.

ட்ராப்புக்கு முன்னால் ஐசொலேஷன் வால்வு, குப்பையைப் பிடிக்கும் ஸ்ட்ரெய்னர். பின்னால் முடிந்தால் சைட் கிளாஸ், தண்ணீர் மேலே ஏறும் லைன் என்றால் நான் ரிட்டர்ன் வால்வு, கடைசியில் இன்னொரு ஐசொலேஷன். அம்புக்குறி திசையைப் பாருங்கள். ஃப்ளோட் ட்ராப்பில் லீவர் எந்தப் பக்கம் அசைய வேண்டும் என்பதும் முக்கியம், படுக்கவைக்க வேண்டியதை நிற்கவைத்தால் வேலை செய்யாது. டிஸ்க் ட்ராப்பையும் தெர்மோஸ்டாட்டிக்கையும் இன்சுலேஷன் போட்டு மூடிவிடாதீர்கள், ஆறினால்தான் அவை திறக்கும்.

ஒரு உபகரணத்துக்கு ஒரு ட்ராப். நான்கு வெசலின் வடிகாலைச் சேர்த்து ஒரே ட்ராப்பில் விட்டால் காசு மிச்சம் போலத் தெரியும், ஆனால் அழுத்தம் அதிகமுள்ள வெசல் மற்றவற்றின் தண்ணீரை வெளியே வரவிடாது.

கண்டன்சேட் லைனைத் தண்ணீர்க் குழாய் மாதிரி நினைத்துச் சின்னதாகப் போடுவது இன்னொரு பெரிய தவறு. 7 பாரில் 170 டிகிரியில் இருக்கும் தண்ணீர் வெளியே வளிமண்டல அழுத்தத்துக்கு வந்ததும் அதில் சுமார் 13 சதவீதம் ஃபிளாஷ் ஸ்டீமாக மாறிவிடும். எடையில் 13 சதவீதம்தான், ஆனால் ஒரு கிலோ கண்டன்சேட்டில் தண்ணீர் ஒரு லிட்டருக்கும் கீழே, ஃபிளாஷ் ஸ்டீமோ 220 லிட்டருக்கு மேல். குழாயில் ஓடுவது பெரும்பாலும் ஸ்டீம்தான், அதற்கு இடம் கொடுக்காவிட்டால் பேக் பிரஷர் ஏறும்.

ட்ராப் நன்றாக இருந்தும் தண்ணீர் தேங்குவது

கண்ட்ரோல் வால்வு உள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சரில் லோடு குறையும்போது வால்வு மூடத் தொடங்கும், உள்ளே அழுத்தம் விழும். தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்கும் எக்ஸ்சேஞ்சருக்குக் குறைந்த லோடில் 85 டிகிரி ஸ்டீமே போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது சுமார் 0.58 பார் அப்சல்யூட், அதாவது வெளிக்காற்றைவிடக் குறைவு. தள்ள அழுத்தமே இல்லை, கண்டன்சேட் உள்ளேயே நிறையும். வெப்பநிலை விழுந்ததும் வால்வு அகலத் திறக்கும், ஸ்டீம் பாய்ந்து தண்ணீரில் மோதும், டம் டம் என்று சத்தம், டியூப்கள் அடிவாங்கும். இதை ஸ்டால் என்பார்கள். பலரும் ட்ராப்பைத்தான் மாற்றுவார்கள், எத்தனை மாற்றினாலும் சரியாகாது. கண்டன்சேட் தானாகக் கீழே வடிந்து திறந்த தொட்டிக்குப் போகுமானால் ஒரு வேக்குவம் பிரேக்கர் (உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்தால் காற்றை உள்ளே விடும் வால்வு) போட்டு, ட்ராப்பை எக்ஸ்சேஞ்சரிலிருந்து முடிந்தவரை கீழே இறக்கினால் போதும். மேலே ஏற வேண்டும் என்றால், பம்பும் ட்ராப்பும் ஒன்றாகச் சேர்ந்த பம்ப் ட்ராப்தான் வழி.

எப்படிச் சோதிப்பது

சோதனைக்கு முன் அந்த ட்ராப் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஃப்ளோட் ட்ராப் பெரும்பாலும் இடைவிடாமல் விடும், டிஸ்க் விட்டு விட்டு விடும். டிஸ்க் மாதிரி சத்தம் வரவில்லை என்று நல்ல ஃப்ளோட்டைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு.

வெளியே திறந்து விடும் ட்ராப் என்றால் கண்ணால் பார்க்கலாம், ஆனால் வெள்ளையாக ஸ்டீம் வந்தாலே கெட்டது என்று முடிவு செய்யாதீர்கள். ஃபிளாஷ் ஸ்டீம் வரத்தான் செய்யும். அது தண்ணீரோடு சேர்ந்து, சோம்பலான வெள்ளை மேகமாக வரும். லைவ் ஸ்டீம், அதாவது ட்ராப் கெட்டு நேராக வெளியே ஓடும் ஸ்டீம், வாயை ஒட்டிக் கொஞ்ச தூரம் கண்ணுக்கே தெரியாமல், பிறகு வெள்ளையாகி, விசையோடு நிற்காமல் பீய்ச்சும்.

வெப்பநிலை மீட்டர் ஒரு பாதி உண்மையைத்தான் சொல்லும். ட்ராப் குளிர்ந்து கிடந்தால் நிச்சயமாகச் சிக்கல்: அடைப்பு, அல்லது யாரோ வால்வை மூடிவைத்திருக்கிறார்கள், அல்லது மூடிய நிலையிலேயே கெட்டுவிட்டது. சூடாக இருந்தால்? நல்ல ட்ராப்புக்குப் பின்னாலும் 100 டிகிரியை ஒட்டித்தான் காட்டும், ஸ்டீம் ஓடும் ட்ராப்புக்குப் பின்னாலும் ஏறக்குறைய அதுவே. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

சத்தம்தான் நம்பகமானது. அல்ட்ராசானிக் கருவி இருந்தால் நல்லது. டிஸ்க் ட்ராப் நிமிடத்துக்குச் சில தடவை தெளிவாக அடித்து மூட வேண்டும். படபடவென்று நிற்காமல் அடித்தால் டிஸ்கும் சீட்டும் தேய்ந்திருக்கலாம். அடிக்கவே இல்லாமல் சீறல் மட்டும் இருந்தால் திறந்தே நிற்கிறது. பக்கத்து ட்ராப்பின் சத்தம் குழாய் வழியாக வந்து ஏமாற்றும் என்பதால் முன்னும் பின்னும் வைத்து ஒப்பிடுங்கள்.

எது எந்தப் பக்கம் கெடும் என்பதும் உதவும். டிஸ்க், பைமெட்டல், பக்கெட் எல்லாம் பெரும்பாலும் திறந்தபடி கெடும், ஸ்டீம் வீணாகும். ஃப்ளோட்டில் கோளம் ஓட்டையானால் மூழ்கிவிடும், வால்வு மூடியபடி நிற்கும். முதல் வகையை யாரும் புகார் செய்ய மாட்டார்கள், ஏனென்றால் உற்பத்தி நிற்காது. ஆனால் 7 பாரில் 3 மி.மீ. ஓட்டை வழியாக மணிக்குச் சுமார் 25 கிலோ ஸ்டீம் போகும், வருடத்துக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 200 டன். ஒரே ஒரு ட்ராப்பில்.

கழற்றி மாட்டும் நாளில்

இரண்டு பக்க வால்வையும் மூடிப் பூட்டுங்கள், இரண்டு பக்கம் என்பது முக்கியம், ரிட்டர்ன் லைனிலிருந்தும் ஸ்டீம் திரும்ப வரும். அழுத்தத்தை வடித்துவிட்டு, ஆறவிட்டு, போல்ட்டுகளை உங்களுக்கு எதிர்ப்பக்கமிருந்து மெதுவாகத் தளர்த்துங்கள். ஸ்ட்ரெய்னரைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் புது ட்ராப்பை மாட்டாதீர்கள், பழையதைக் கெடுத்த குப்பை அங்கேதான் காத்திருக்கும். இன்வெர்ட்டட் பக்கெட் என்றால் மாட்டியதும் அதைத் தண்ணீரால் நிரப்புங்கள். முன் வால்வை மெதுவாகத் திறந்து கொஞ்ச நேரம் சூடேறவிட்டு, பிறகு முழுசாகத் திறக்கலாம்.

ட்ராப்பின் எண், வகை, ரேட்டிங், மாட்டிய தேதி எழுதிய ஒரு தகட்டைக் கட்டிவிட்டு, மறுநாள் அதே நேரத்துக்கு ஒரு தடவை போய்க் காது வைத்துக் கேளுங்கள். புது லைனில் இருந்த வெல்டிங் துகளும் கேஸ்கெட் துணுக்கும் முதல் 24 மணி நேரத்தில்தான் சீட்டில் வந்து மாட்டும்.